இணைய வேகத்தின் கணக்கு யார் கையில்?

இந்திய வீடுகளில் இணையம் தடுமாறுவது பெரும்பாலும் இரவில். புகாரை ஏற்றுப் பணியாளர் வந்து பார்ப்பதோ மறுநாள் காலையில். அவர் ஒரு வேகச் சோதனையை ஓட்டுகிறார், திரை 100 மெகாபிட் காட்டுகிறது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. முந்தைய இரவுக்குச் சந்தாதாரரின் நினைவைத் தவிர வேறு சான்றில்லை.

அச்சான்றை அவரே உண்டாக்கிக்கொள்ள இயலும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோ மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியோ போதும். ஸ்மோக்பிங், ஸ்பீடுடெஸ்ட் டிராக்கர் முதலிய திறமூல மென்பொருள்கள் அதில் இரவுபகலாக இயங்கி, அளவுகளை வரைபடமாகச் சேமிக்கும். பதிவு வீட்டிலேயே இருக்கும்.

எதை அளப்பது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். 100 மெகாபிட் இணைப்பில் பத்து வினாடிப் பதிவிறக்கச் சோதனை 125 மெகாபைட்டை விழுங்கும். அதே அளவு பதிவேற்றமும் சேர்த்து மணிக்கொரு முறை ஓட்டினால் நாளொன்றுக்கு 6 ஜிகாபைட், மாதத்துக்கு 180. குறைந்த தரவு வரம்புள்ள திட்டத்தில் இது, அளக்கும் படியே நெல்லைத் தின்ற கதை. மேலும், சோதனைச் சேவையகம் அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருப்பதும் உண்டு. அப்போது அது வெளியுலகம் செல்லும் பாதையைச் சோதிப்பதே இல்லை. மாறாக, ‘பிங்’ வினாடிக்கு ஒன்று அனுப்பினாலும் நாளொன்றுக்கு 15 மெகாபைட்டைத் தாண்டாது. காணொளி வகுப்பில் குரல் அறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதமும் தரவுப் பொட்டல இழப்புமே. வேகச் சோதனையின் ஒற்றை எண் அவற்றை மறைத்துவிடுகிறது.

கருவியை ரவுட்டருடன் கம்பிவழி இணைத்தல் வேண்டும்; வைஃபையில் வைத்தால் அது வீட்டுச் சுவரைத்தான் அளக்கும். ரவுட்டரையும் வெளியுலகச் சேவையகம் ஒன்றையும் ஒருங்கே அளந்து, முன்னது சீராக இருக்கப் பின்னது அறுபட்டால், கோளாறு பெரும்பாலும் வாசலுக்கு வெளியே. மின்வெட்டில் நின்ற நேரத்தை நிறுவனத்தின் கணக்கில் எழுதலாகாது. அந்த நேர்மை இல்லாத பதிவு ஒரு கேள்விக்குக்கூடத் தாங்காது.

இந்தியாவில் அகன்ற அலைவரிசையின் குறைந்தபட்ச வேகம் 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. விளம்பரங்களோ ‘100 மெகாபிட் வரை’ என்கின்றன. 2-க்கும் ‘வரை’க்கும் இடைப்பட்ட வெளியில் சந்தாதாரருக்கு வாதம் வேண்டும். புகார் மையம் தீர்க்காத குறையை நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் கொண்டுசெல்ல வழி உண்டு; அங்கே புகார் எண்ணுடன் முப்பது நாள் வரைபடத்தை இணைக்கலாம். ஒரே அடுக்ககத்தின் மூன்று வீடுகள் தத்தம் பதிவுகளைச் சேர்த்தளித்து, மூன்றிலும் அதே மணியில் அதே சரிவு தெரியுமானால், ‘உங்கள் ரவுட்டர் பழுது’ என்ற வழக்கமான பதில் எடுபடாது.