மலைக்கு ஒரு மிதிவண்டித் தடம்

மிதிவண்டி உழைப்பாளியின் ஊர்தி. இதைக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் வேளையில், சோற்றுப் பாத்திரத்தைப் பின்னே கட்டிக்கொண்டு மிதித்து வருவோரைக் காணலாம். 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2001-02 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கி, பின்னர் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் பல்லாயிரம் பிள்ளைகள் பள்ளிப் படி ஏறினர்.

பிழைப்புக்கும் படிப்புக்கும் பயன்பட்ட இவ்வண்டி நம் இளைஞரின் வீர விளையாட்டுக்கும் பயன்படலாகாதா? கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேட்டுச் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் குன்றுகள் தலைகாட்டுகின்றன. அவற்றுக்கு அப்பால் நாகலாபுரம் மலை. தென்மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் அல்லிக்குழிக் குன்றுகள். நம்மிடம் வண்டி உண்டு, மலை உண்டு, துணிவோ தேவைக்கு மேலேயே உண்டு. இல்லாதது ஒன்றுதான்: முறையாக அமைத்த, அனுமதி பெற்ற, அடையாளமிட்ட தடம். அது வேண்டும் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு பிறந்த கதை

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மாரின் பகுதி இளைஞர்கள் சிலர், பழைய கனத்த மிதிவண்டிகளை மலை உச்சிக்குக் கொண்டுசென்று, மண் பாதையில் கீழே பாய்ந்து ஓட்டி மகிழ்ந்தனர். 1976-இல் அங்கே நடந்த பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெயர்க் காரணம் சுவையானது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் வகையைச் சேர்ந்த அவ்வண்டிகளின் பிரேக், இறக்கத்தில் கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் உருகிப் புகைந்துவிடுமாம். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதுக் கிரீஸை மீண்டும் அடைக்க வேண்டும், அதனால் அப்பெயர். இருபதே ஆண்டுகளில், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. அண்டை மாநிலமான கேரளம் 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டியையே நடத்திக் காட்டியது. கேரளத்துக்கு இயன்றது நமக்கு இயலாதா?

வேல்ஸ் நாடு காட்டும் வழி

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் மலைப்பாங்கான சிறு நாடு. அது நிலக்கரியாலும் சிலேட்டுக் கல்லாலும் வாழ்ந்த நாடு. சுரங்கங்கள் மூடப்பட்டபோது பல ஊர்கள் வேலையற்று வாடின. அந்நாடு தன் மலைகளை வேறு வகையில் பயன்படுத்த முனைந்தது. 1990-களில் வட வேல்ஸிலுள்ள கோய்ட் அ ப்ரெனின் என்னும் அரசுக் காட்டில் மலைமிதிவண்டிக்கென்றே தடங்கள் வெட்டப்பட்டன. மிதிவண்டிக்கென்றே திட்டமிட்டு அமைத்த தட மையங்களில் பிரிட்டனிலேயே அது முதன்மையானது. தெற்கே, நிலக்கரி வெட்டிய அஃபான் பள்ளத்தாக்கிலும் தடங்கள் தோன்றின. பிளைனை ஃபெஸ்டினியோக் என்பது சிலேட்டுக் குவியல்கள் சூழ்ந்த ஊர். அங்கே ஊர் மக்களின் சமூக நிறுவனம் ஒன்று 2012-இல் இறக்கத் தடங்களைத் திறந்தது.

அத்தடங்களுக்கு வண்ணக் குறியீடு உண்டு. பச்சை எளியது, நீலம் சற்றுக் கடினம், சிவப்பு பழகியவர்க்கு, கறுப்பு வல்லவர்க்கு மட்டும். தன் தகுதிக்கு ஏற்ற பாதை எதுவென்று அங்கே தொடக்கத்திலேயே ஒருவர் அறிந்துகொள்கிறார். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் நம் பழமொழியைப் பலகையில் எழுதி நட்டது போன்ற ஏற்பாடு அது.

அங்கும் இன்னல் இல்லாமல் இல்லை. 2025 மார்ச் இறுதியில் கோய்ட் அ ப்ரெனின் மையத்துச் சிற்றுண்டிச் சாலையையும் கடையையும் அரசுத் துறை செலவைக் குறைப்பதற்காக மூடிவிட்டது. தடங்கள் மட்டும் திறந்திருக்கின்றன. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. எல்லாவற்றையும் அரசின் தலையில் ஏற்றினால், அரசின் கை சுருங்கும்போது அதுவும் சுருங்கும். தடத்தில் ஊராருக்குப் பங்கு வேண்டும்.

நம் மலையின் இயல்பு

வேல்ஸ் மலை வேறு, நம் மலை வேறு. சத்தியவேடு முதல் அல்லிக்குழி வரையுள்ள குன்றுகளில் உருண்டைக் கூழாங்கற்கள் செறிந்த பாறைப் படிவங்கள் உள்ளன. நிலவியலார் இதனைச் சத்தியவேடு படிவம் என்பர். பாறை சிதைந்தால் அக்கற்கள் பெயர்ந்து பாதையெங்கும் உருளும். செம்பூரான் சரளையும் உடன் கலந்து கிடக்கும். ஆதிமனிதன் கைக்கோடரி செய்தது இத்தகைய கற்களைக் கொண்டுதான். 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அக்கருவிகளைக் கண்டெடுத்தனர். அங்குள்ள பழமையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனவே நம் வட்டாரத்தில் சக்கரம் உருளும் கல்லும் வரலாற்றுச் சான்றாக இருக்கக்கூடும். குடியம் குகைகள் போன்ற இடங்களில் வண்டி நுழையலாகாது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

இரண்டாவது இயல்பு நீர். நாகலாபுரம் மலைப் பக்கத்து மழைநீர் ஆரணியாற்றில் சேர்ந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக நம் வயல்களைத் தொட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் கடலை அடைகிறது. மலையில் ஒரு தடம் அரித்துப்போனால் அந்த மண் நம் ஏரிகளில்தான் வந்து படியும்.

மூன்றாவது எல்லை. வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்முடன் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரம் சென்றது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் குன்று நம்முடையது என்று எண்ணி ஏறுவோர், தம்மை அறியாமலே வேறொரு மாநிலத்து வனச் சட்டத்துக்கு உட்படுகின்றனர். எந்தப் பக்கமாயினும், ஒதுக்குக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றமே.

தடை மட்டும் போதுமா?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றிருந்தோரில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெஞ்சை உலுக்கிய அந்நிகழ்ச்சிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் அரசு கதவை அடைத்ததோடு நின்றுவிடவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை மாநிலமெங்கும் 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, வழிகாட்டிகளோடு திறந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் தடமும் அவற்றுள் ஒன்று. அறிவார்ந்த செயல் இதுவே. இளைஞனுக்கு மலை மீது உள்ள வேட்கையைத் தடைப்பலகை அணைத்துவிடாது. அது அவனைப் பலகை இல்லாத வழிக்கே திருப்பிவிடும். வழிகாட்டியும் விதியும் உள்ள பாதையோ அவனைக் காக்கும்.

ஆனால் அத்தடங்கள் நடப்போருக்கு உரியவை. மிதிவண்டிக்கும் அவ்வாறே ஒன்று வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தொல்லியல் இடங்களையும் அடர்காட்டையும் விலக்கி, குன்றின் அடிவாரத்தில் ஏற்கெனவே உள்ள வண்டித் தடங்களையும் தீத்தடுப்புக் கோடுகளையும் இணைத்து, ஒரு பச்சைத் தடமும் ஒரு நீலத் தடமும் அமைத்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நல்ல தடம் எப்படி இருக்கும்? மலையின் சரிவில் நேர் கீழாக இறங்கும் பாதை ஒரே மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக வளைந்து செல்ல வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச் சரிவில் பாதியைத் தாண்டலாகாது. சராசரியாக நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்குள் அடங்க வேண்டும். பாதையின் வெளிப்பக்கம் சிறிது தாழ்ந்திருந்தால் நீர் தேங்காமல் வழிந்தோடும். இடையிடையே சிறு மேடும் பள்ளமும் விட்டால் நீர் பாதையோடு ஓடாமல் விலகும். ஏரிக்கரையும் மடையும் கட்டி வாழ்ந்த தமிழனுக்கு நீரின் போக்கை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

‘வயிற்றுக்கில்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. வயிற்றுக்கு வழி செய்வதற்கும் இது உதவும் என்பதே விடை. தடத்தைப் பேண அடிவாரத்து இளைஞர்கள் வேண்டும், வழிகாட்டிகள் வேண்டும், சோறும் மோரும் தருவோர் வேண்டும். முன்பெல்லாம் ஊருக்கு ஊர் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் எண் எழுதிய வண்டியை மணிக்கணக்கில் எடுத்துச் சென்று பழகாதவர் அக்காலத்தில் அரிது. அக்கடை மலையடிவாரத்தில் மறுபிறவி எடுக்கட்டும். விலையுயர்ந்த வண்டியை வாங்க இயலாத ஏழை மாணவனும் அப்போது ஒரு மணி நேரம் மலையை ஆளலாம். இல்லையேல் இது நகரத்துச் செல்வர் வந்து விளையாடிப் போகும் திடலாகவே முடியும்.

ஓட்டுவோர் அறிய வேண்டியவை

தடம் கேட்பவன் அதற்குத் தகுதியும் பெற வேண்டும் அன்றோ? மாணவத் தோழர்களுக்குச் சில கூறுவேன்.

முதலில் வண்டி. கம்பி பிரேக்கும் ஒரே பல்சக்கரமும் உள்ள சாதாரண வண்டியில் மலையிறக்கம் கூடாது. அதில் சமவெளிப் பயிற்சி பெறலாம். மலைக்கு அகன்ற டயரும் உறுதியான பிரேக்கும் பல கியர்களும் வேண்டும். புறப்படுமுன் பிரேக் கட்டை, செயின், சக்கர நட்டு மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சாலையில் ஓட்டும் அளவுக்குக் காற்றடித்த டயர் கூழாங்கல்லில் துள்ளும். சற்றே குறைத்தால் நிலத்தைப் பற்றும். மிகக் குறைத்தாலோ கல் இடித்து ட்யூப் கிழியும். தலைக்கவசம் இன்றி ஏறவே கூடாது.

ஏற்றத்தில், மூச்சு வாங்கிய பின் கியரை மாற்றுவதால் பயனில்லை. மேடு தொடங்குமுன்பே மாற்ற வேண்டும். உடலைச் சற்று முன்சாய்த்தால் முன்சக்கரம் தூக்காது. இருக்கையை விட்டு முழுதும் எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும்.

இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, மிதிகட்டைகள் இரண்டையும் சமமட்டத்தில் நிறுத்தி, அவற்றின் மேல் நின்று, முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்க இறங்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கலாகாது; பத்துப் பதினைந்து அடி தாண்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கல்லை உற்றுப் பார்க்கிறோமோ அந்தக் கல்லின் மேலேயே வண்டி ஏறும்! வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை இறுக்கினால் சரளை வாரிவிடும். இரு பிரேக்குகளையும் விரலால் அளந்து பிடித்து விட வேண்டும். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக் காட்டுவது வீரமன்று; அந்தச் சறுக்கல் கோடே அடுத்த மழையில் வாய்க்காலாகும்.

காலமும் அறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் காட்டாறு எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. ஈரத் தடத்தில் சக்கரப் பள்ளமும் விழும். கோடையில் வெயிலும் தீயும் பகை. தீக்குச்சியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மழை ஓய்ந்த தை, மாசித் திங்கள்களே ஏற்றவை. மூவருக்குக் குறையாமல் செல்லுங்கள்; திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள்; பொழுது சாயுமுன் இறங்குங்கள். எதிரே ஆடு மேய்ப்பவரோ விறகு சுமப்பவரோ வந்தால் நீங்களே ஒதுங்கி நில்லுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பின் வழி. நமக்கு விளையாட்டின் வழி. மலைச் சுனை கண்டதும் குதிப்பது பல வீடுகளில் ஒப்பாரியாய் முடிந்திருப்பதை மறவாதீர்கள்.

தடம் கிடைக்கும் வரை பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. நீர் வற்றிய காலத்து ஏரி உள்வாயும், ஊராட்சியின் மண்சாலையும் நல்ல பயிற்சிக் களங்கள். ஆனால் மழைக்காலத்தில் ஏரிக்கரை மேல் ஓட்டாதீர்கள். சக்கரம் பதிந்த தடத்தில்தான் கரையின் அரிப்பு தொடங்கும்.

முடிவாக

கல்லூரி உடற்பயிற்சித் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் கைகோத்து, வனத்துறையிடம் முறைப்படி ஒரு விண்ணப்பம் அளிக்கலாம். பாதை வெட்டும் பணியில் நம் மாணவர் மண்வெட்டி பிடிக்கலாம். ஆண்டுதோறும் மழைக்குப் பின் அதைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்கலாம். வெட்டியவன் தன் பாதையைக் கெடுக்க மாட்டான். இன்று அனுமதியின்றிக் குன்றேறும் இளைஞன் அகப்பட்டால் குற்றவாளி. விழுந்தால் செய்தித்தாளில் ஒரு சிறு பத்தி. அவனை விளையாட்டு வீரனாக்க வேண்டியது ஓர் ஒற்றையடித் தடமே. அத்தடத்தைக் கேட்போம், கிடைத்தால் கண்போல் காப்போம்!