அட்டையை நகர்த்துவது யார்?

ஆய்வுக்கூடங்களில் இன்று புதியதொரு குமாஸ்தா வேலை பிறந்திருக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை. பதவிப் பெயர் இல்லை. ஆய்வேட்டின் முகவுரையில் நன்றி கூறும் வழக்கமும் இல்லை. நிரல் எழுதுவோர் தம் நிரலைக் கிட்ஹப் களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள். குழுவின் வேலைப் பட்டியலோ வேறோர் இடத்தில், டிரெல்லோவிலோ ஜிராவிலோ, அட்டை அட்டையாகத் தொங்குகிறது. அங்கே நடந்ததை இங்கே பதிந்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் நிரல் எழுதத் தெரியாதவர், வயதில் இளையவர், பல குழுக்களில் பெண். "உனக்குக் கோடிங் வராது; போர்டையாவது பார்த்துக்கொள்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல்லுக்குள் எத்துணை இளக்காரம் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா நண்பர்களே!

என் துறை தாவரவியல். ஊர் தென்காசிப் பக்கம், படிப்பு வடநாட்டில். எங்கள் குழுவில் அறுவர். இலையின் அடிப்புறத்துத் துளைகளை நுண்ணோக்கியில் படமெடுத்து, அவற்றைக் கணினியே எண்ணும்படி செய்வது எங்கள் முயற்சி. இருவர் நிரல் எழுதுவர். மற்ற நால்வர் இலை பறித்து, கண்ணாடியில் ஏற்றி, படமெடுத்து, கணினி எண்ணியது சரிதானா என்று கண்ணால் எண்ணிப் பார்ப்போம். பலகைப் பணி ஓராண்டுக் காலம் என் தலையில் இருந்தது. மாலைதோறும் கிட்ஹப்பைத் திறப்பேன். எது முடிந்தது, எது நிற்கிறது என்று பார்ப்பேன். அட்டைகளை ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு இழுத்து வைப்பேன். பொங்கலுக்கு நான் ஊர் போனபோது பலகை அப்படியே உறைந்து நின்றது. அதைப் பார்த்த நெறியாளர், குழு முழுவதும் தூங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அந்தப் பத்து நாளில்தான் நிரலில் பெரும்பகுதி முன்னேறியிருந்தது.

இந்த அட்டை முறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ என்னும் ஜப்பானியப் பொறியாளர் 1950-களில் வளர்த்த 'கான்பன்' முறையே இதன் மூலம். அங்கே அட்டை, உதிரிப் பாகங்களோடு ஒட்டியே பயணம் செய்தது. பாகத்தை ஒருவர் எடுத்துப் பயன்படுத்தினால் அட்டை கழன்று, அதைச் செய்து தந்த பிரிவுக்குத் திரும்பிப் போகும். 'மீண்டும் இத்தனை செய்க' என்பதற்கு அதுவே ஆணை. சரக்கு நகர்ந்ததா என்று எட்டிப் பார்த்து அட்டையை நகர்த்த அங்கே தனி ஆள் தேவைப்படவில்லை. கணினித் திரைக்கு வந்தபோதுதான் சரக்கு ஒரு வீட்டிலும் அட்டை இன்னொரு வீட்டிலுமாகப் பாகப்பிரிவினை ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் இடையே ஓடும் வேலைதான் என் போன்றோர்க்குக் கிடைத்தது.

பிரிந்ததைச் சேர்த்து வைக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. சேப்பியர் என்பது 2011-இலேயே தோன்றியது. அதே ஆண்டில் வந்த டிரெல்லோ, 2018-இல் பட்லர் என்னும் கருவியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ('பட்லர் இங்கிலீஷ்' என்று சென்னையில் கேலி செய்வோமே, அந்தப் பட்லர்தான். சொன்னதை மட்டும் தட்டாமல் செய்வதால் பெயர் பொருத்தமே.) கிட்ஹப்பும் தன் களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே விதிகளோடு கூடிய பலகை ஒன்றைத் தருகிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: 'இது நடந்தால் அதைச் செய்.' பட்டியலில் ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்தெடுக்க வேண்டும். இன்னொரு பட்டியலில் அதற்குரிய செயலைத் தெரிந்தெடுக்க வேண்டும். 'மழை பெய்தால் குடை பிடி' என்று சொல்லத் தெரிந்தவர்க்கு இது தெரியும்.

செய்தி போகும் வழி இரண்டு. தபால்காரர் வீடு தேடி வந்து கடிதம் தருவது ஒன்று. நாமே சில நிமிடங்களுக்கொரு முறை அஞ்சலகம் சென்று 'எனக்குக் கடிதம் உண்டா?' என்று கேட்பது மற்றொன்று. முன்னதற்கு வெப்ஹூக் என்று 2007-இல் பெயர் வைத்தவர் ஜெஃப் லிண்ட்சே என்னும் நிரலாளர். பின்னதில் அட்டை நகரச் சற்றுத் தாமதமாகும். அதைக் கண்டு பதற வேண்டா.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்த விதிகளை எழுத வேண்டியவர் நிரல் தெரிந்தவர் அல்லர், வேலை தெரிந்தவர். ஏன் என்கிறேன்?

கிட்ஹப் பலகையைப் புதிதாகத் திறந்தால், நாம் கேளாமலே இரண்டு விதிகள் அதில் இயங்கிக்கொண்டிருக்கும். வேலைக்குறிப்பு ஒன்று மூடப்பட்டால் அதன் அட்டை 'முடிந்தது' என்னும் நிலைக்குப் போகும். ஒருவர் எழுதிய திருத்தம் முதன்மை நிரலோடு இணைக்கப்பட்டால் அதன் அட்டையும் 'முடிந்தது' ஆகும். நிரல் எழுதுவோர்க்கு இது நியாயமே. அவர்களைப் பொறுத்தவரை திருத்தம் சேர்ந்ததும் வேலை தீர்ந்தது. எங்களுக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது! புதிய நிரல் வேப்பிலையில் சரியாக எண்ணலாம். மயிர் அடர்ந்த எருக்கிலையில் தடுமாறலாம். நால்வர் உட்கார்ந்து கண் வலிக்க எண்ணிப் பார்க்கும் முன்னே பலகை பச்சை விளக்குக் காட்டிவிடுகிறது. நெறியாளர் அதை நம்பி அறிக்கை எழுதத் தொடங்கிவிடுகிறார். எண்ணுகின்றவர்களின் உழைப்புக்குப் பலகையில் ஒரு பத்திகூட இல்லை என்றால், அந்த உழைப்பு நடந்ததாகவே யாரும் கருதுவதில்லை அன்றோ?

பொறிக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. கிட்ஹப்பில் குறிப்பை மூடும் மந்திரச் சொற்கள் ஒன்பது உண்டு. 'குளோஸ்', 'ஃபிக்ஸ்', 'ரிசால்வ்' என்னும் மூன்றும் அவற்றின் வேற்றுருவங்களுமே அவை. திருத்தத்தின் விளக்கத்தில் அச்சொல்லை எழுதிக் குறிப்பின் எண்ணையும் சேர்த்துவிட்டால், திருத்தம் முதன்மை நிரலில் இணைந்தவுடன் குறிப்பு தானே மூடிக்கொள்ளும். ஒருவர் நல்ல மனத்தோடு, 'திஸ் டஸ் நாட் ஃபிக்ஸ் #12' என்று எழுதினால் என்ன ஆகும்? 'நாட்' என்பதைப் பொறி பொருட்படுத்தாது. 12-ஆம் குறிப்பை மூடிவிடும். எதிர்மறையை வினைக்குப் பின்னே வைத்து 'சரிசெய்யவில்லை' என்று ஒரே சொல்லாக முடிக்கும் நம் மொழியில் எழுதினால் இந்த விபத்து நேராது. ஆனால் தமிழ் வினை எதற்கும் அந்தப் பொறி செவி சாய்ப்பதில்லை!

எங்கள் குழுவில் நாங்கள் செய்தது சிறிய மாற்றம். 'சரிபார்ப்பு' என்று ஒரு நிலையைப் பலகையில் சேர்த்தோம். இயல்பாக இருந்த இரண்டு விதிகளையும் திறந்து, 'முடிந்தது' என்னும் இடத்தில் 'சரிபார்ப்பு' என்று தெரிந்தெடுத்தோம். மூடிய குறிப்பை மீண்டும் திறந்தால் அட்டை 'நடப்பது' என்னும் பத்திக்குத் திரும்ப வேண்டும் என்று இன்னொரு விதி வைத்தோம். ஒரு வரி நிரலும் எழுதவில்லை. இப்போது நிரல் சேர்ந்த செய்தியைப் பொறி கொண்டுவருகிறது. 'முடிந்தது' என்னும் பத்திக்கு அட்டையைக் கொண்டுசெல்வது, எண்ணிப் பார்த்தவரின் கை மட்டுமே. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் அவரே குறிப்பை மீண்டும் திறக்கிறார். நிரல் தெரியாத ஒருவர் நிரல் எழுதியவரிடம் 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லும் உரிமை அதனால் வந்தது. மாலைநேரக் குமாஸ்தா வேலையும் ஒழிந்தது.

நிரல் அறிந்த நண்பர்கள் இதை விளையாட்டுச் சாமான் என்கிறார்கள். "ஐம்பது வரியில் நான் எழுதித் தருகிறேனே" என்கிறார்கள். எழுதித் தருவார்கள், ஐயமில்லை. நிபந்தனைகள் பெருகிப் பின்னிக்கொள்ளும் இடத்தில் நிரலே மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐம்பது வரியை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் அவர்கள் வாசலில்தானே நிற்க வேண்டும்? திரையில் வாக்கியம் போல் நிற்கும் விதியை, குழுவில் நேற்றுச் சேர்ந்தவரும் படித்து, "இது தவறு" என்று சொல்லலாம்.

முயல்வோர்க்குச் சில சொற்கள். குறிப்பு பிறந்தால் அட்டை பிறக்க வேண்டும் என்று ஒரு விதியும், அட்டை பிறந்தால் குறிப்பு பிறக்க வேண்டும் என்று எதிர் விதியும் வைத்துவிடாதீர்கள். விடியும்போது பலகையில் நூற்றுக்கணக்கில் குட்டி போட்டிருக்கும். வெளிக் கருவியை இணைக்கும்போது அது அனுமதி கேட்கும். எல்லாக் களஞ்சியங்களையும் திறந்து விடாமல், வேண்டிய ஒன்றை மட்டும் காட்டுங்கள். வெளியிடாத ஆய்வுத் தரவு அதில் இருக்கக்கூடும்.

இன்னொன்று மாணவர் குழுக்களுக்கே உரியது. வெளிக் கருவியில் அமைத்த இணைப்பு, அமைத்தவரின் கணக்கில் தொங்குகிறது. அவர் பட்டம் பெற்றுப் போய், பல்கலைக்கழகம் அவருடைய கணக்கை மூடிவிட்டால், இணைப்பும் ஓசையின்றி நின்றுவிடும். பலகை மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். நான் அடுத்த ஆண்டு இங்கிருந்து புறப்படுகிறேன். ஆதலின் எங்கள் விதிகள் அனைத்தையும் பலகையின் முதல் அட்டையில், இன்னது நடந்தால் இன்னது ஆகும் என்று எளிய வாக்கியங்களாக எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே, அந்தந்த இணைப்பு யார் கணக்கில் உள்ளது என்பதும் இருக்கிறது. உங்கள் குழுவில் பலகை பார்ப்பவர் எவரேனும் இதைச் செய்து பார்க்க விரும்பினால், சனிக்கிழமை மாலை சங்கக் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணலாம். மடிக்கணினியும் உங்கள் பலகையும் இருந்தால் போதும்; நிரல் அறிந்த நண்பரை அழைத்து வர வேண்டியதில்லை.