கல் விழுந்த இடம்

அண்மையில் ஒரு விருதின் தகுதியுரை, அதைப் பெற்றவரைச் 'சிற்றிதழ் மரபின் கடைசி டைனோசர்' என்று புகழ்ந்தது. அதில் பரவசப்பட்ட ஓர் இடைநிலை இதழ் அடுத்த மாதமே எட்டுப் பக்கம் ஒதுக்கி ஒரு கட்டுரை வெளியிட்டது. டைனோசர்களை ஒரு விண்கல் ஒழித்தது, சிற்றிதழைக் கைபேசி ஒழித்தது, மற்ற பேச்செல்லாம் வீண் என்பது அதன் சாரம். விருதைப் பற்றி நமக்குப் புகாரில்லை. கொடுப்பவர் பணம், வாங்குபவர் பாடு. பறவைகள் டைனோசர்களின் நேர் வாரிசுகள், இன்றும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களாக உயிரோடிருப்பவை என்பதால் 'கடைசி' என்ற சொல்லுக்கு முற்றத்துக் காக்கையே இடம் தராது. அதையும் விட்டுவிடலாம். ஒரு கல், ஓர் அழிவு, விசாரணை முடிந்தது என்னும் அந்த வாய்பாட்டைத்தான் விட முடியவில்லை. ஏனென்றால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு, இந்த வாய்பாட்டுக்கு நேர் எதிரான பாடத்தையே தருகிறது.

கல் விழுந்ததை நாம் மறுக்கவில்லை. இத்தாலியின் குப்பியோ ஊருக்கருகே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே தடித்த களிமண் படலம் ஒன்று ஓடுகிறது. அதற்குக் கீழே கடல்வாழ் நுண்ணுயிரிகளின் ஓடுகள் பெரிதாக, பலவகையாக இருக்கின்றன. மேலே சிறுத்துப்போன சில இனங்கள் மட்டுமே. அந்தப் படலம் படிய எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடத்தான் வால்டர் ஆல்வாரெஸும் அவருடைய தந்தை, நோபல் பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸும் அதிலுள்ள, பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுந்தும் காணப்படும் இரிடியம் என்ற உலோகத்தை அளக்க முனைந்தார்கள். விண்தூசி சீராக விழுகிறதென்றால் இரிடியத்தின் அளவே காலத்தைச் சொல்லிவிடும் என்பது கணக்கு. வந்த விடையோ, சுற்றியுள்ள பாறையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. டென்மார்க்கில் அதைவிட அதிகம். நியூசிலாந்திலும் அதே படலம், அதே மிகுதி. சுமார் 10 கி.மீ. குறுக்களவுள்ள விண்கல் என்று 1980இல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு தன்னையே பணயம் வைத்தது. கல் விழுந்திருந்தால் எங்கோ ஒரு பள்ளம் இருந்தாக வேண்டும். படலம் உலகெங்கும் ஒரே வயதுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கருதுகோள் குப்பைக்குப் போகும். மெக்சிகோவின் யுகாட்டான் கரையில் எண்ணெய் தேடியவர்கள் 1970களிலேயே தடம் கண்டிருந்த சிக்சுலுப் என்ற 180 கி.மீ. அகலப் பள்ளம்தான் அது என்று 1991இல் தெளிவாயிற்று.

எதிர்வழக்காடியது தக்காணம். இன்றும் ஐந்து லட்சம் சதுர கி.மீ. பரப்பில் கிடக்கும் பசால்ட் பாறை, மகாபலேஷ்வர் சரிவுகளில் படிக்கட்டுபோல் தெரியும் எரிமலைக் குழம்பின் அடுக்குகள். எரிமலைக் கட்சியின் வாதம் இளக்காரமானதல்ல. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் இறுதியில் நேர்ந்த, இதைவிடக் கொடிய அழிவின்போது சைபீரியாவில் குழம்பு பொங்கியது. டிரையாசிக் இறுதியிலும் ஒரு பொங்கல். விண்கல் ஒரு முறைதான் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறது. எரிமலையோ பழைய குற்றவாளி. 2019இல் ஒரே அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தக்காணத்தின் வயதைத் தனித்தனியே கணித்தன. யுரேனியம்-ஈய முறையைக் கையாண்ட குழு, கல் விழுவதற்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள் முன்பே ஒரு பெரும் பொங்கல் தொடங்கியதாகச் சொன்னது. ஆர்கான் முறையைக் கையாண்ட குழு, குழம்பில் முக்கால் பங்கு கல் விழுந்த பின்னரே வந்தது என்றது. மறு ஆண்டு கடல்வெப்பப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், தக்காணத்து வாயுக்களால் ஏறிய வெப்பம் அழிவுக்கு முன்பே தணிந்துவிட்டதாகக் காட்டினார்கள். இன்றைய நிலையில் தராசு கல்லின் பக்கமே தாழ்ந்திருக்கிறது.

அப்படியானால் வாய்பாடு சரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் நாம் முரண்படுகிறோம். சைபீரியாவின் பொபிகாய், கனடாவின் மனிக்வாகன் ஆகியவை ஒவ்வொன்றும் 100 கி.மீ. அளவுள்ள பள்ளங்கள். அவை தோன்றிய காலத்தில் இத்தகைய பேரழிவு எதுவும் பதிவாகவில்லை. அவற்றை உண்டாக்கியவை சிறிய கற்கள் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அது பாதி மறுப்புதான். யுகாட்டானில் கல் விழுந்தது, ஆழமற்ற கடலுக்கடியில் ஜிப்சமும் சுண்ணாம்பும் தடித்துக் கிடந்த தளத்தின்மேல். அந்த ஜிப்சம் ஆவியாகிக் கந்தகமாக மேலேறிச் சூரியனை மறைத்தது. 2016இல் பள்ளத்தின் உள்வளையத்தைத் துளையிட்டு எடுத்த பாறையில் ஜிப்சம் அநேகமாக இல்லை. போன இடம் வானம். அதே கல் ஆழ்கடலிலோ வேறு பாறையிலோ விழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். ஆகவே கல் என்று மட்டும் சொல்வது காரணத்தில் பாதியைச் சொல்வது. மறுபாதி, கல் விழுந்த தரை.

தரையைப் போலவே, அதன்மேல் வாழ்ந்தவையும் கணக்கில் வர வேண்டும். அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லைச் சிமென்டுக்காக வெட்டும்போது வரும் இனோசெராமஸ் சிப்பிகளின் குடும்பம், கல் விழுவதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முன்பே உலகெங்கும் அநேகமாக ஒழிந்துவிட்டது. அதற்குக் கல் பொறுப்பல்ல. சுருள் ஓடுகொண்ட கடலுயிர்களான அம்மோனைட்டுகளோ வேறு கதை. ஸ்பெயினின் சுமாயா கடற்கரைப் பாறைகளில் அவை எல்லைப் படலத்துக்குப் பல மீட்டர் கீழேயே மறைந்துவிட்டதாக முதலில் தெரிந்தது. படிப்படியாக அழிந்தன என்றார்கள். பிறகு பிரான்சு எல்லையை ஒட்டிய விரிகுடாக்களில் பொறுமையாகத் தேடியபோது படலத்தை நெருங்கியே கிடைத்தன. அரிதானவற்றின் கடைசிச் சான்று எப்போதும் அவற்றின் கடைசி நாளுக்கு முன்னதாகவே இருக்கும் என்று 1982இலேயே சிக்னரும் லிப்ஸும் எச்சரித்திருந்தார்கள். அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்து, 1980களில் விவரிக்கப்பட்ட புரூத்கயோசாரஸின் பேரெலும்புகள் ஆய்வகம் சேருமுன்பே உதிர்ந்துபோயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களும் சர்ச்சையுமே. கண்ணில் படாததெல்லாம் செத்துப்போனது என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் இந்த வட்டாரத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அம்மோனைட்டுகள் அழிய, அவற்றின் உறவான நாட்டிலஸ் பிழைத்தது. அம்மோனைட்டின் குஞ்சுகள் பொடியாகக் கடலின் மேற்பரப்பில் மிதந்தவை, நாட்டிலஸ் ஆழத்தில் பெரிய முட்டையிடுவது என்பதே அதற்குச் சொல்லப்படும் வலுவான விளக்கம். ஒரே இருள் இரண்டின்மேலும் கவிந்தது, விளைவு ஒன்றல்ல.

எல்லாக் காரணங்களையும் கூட்டிச் சொல்வது கோழைத்தனம், ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே விமர்சனம் என்று அந்தக் கட்டுரையாளர் பதில் சொல்வார். ஒப்புக்கொள்கிறோம். 'எல்லாம் சேர்ந்துதான்' என்பது சோம்பேறியின் விடை. ஆனால் நாம் கூட்டவில்லை, வரிசைப்படுத்துகிறோம். கல் கொன்றது. தரை அந்தக் கொலையின் அளவைத் தீர்மானித்தது. யார் பிழைப்பது என்பதை அவரவர் வாழ்முறை தீர்மானித்தது. தக்காணம், கல்லுக்கு முன்பும் பின்பும் எவ்வளவு பங்காற்றியது என்பதில் வழக்கு இன்னும் நடக்கிறது. எண்பதுகளில் பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசரைப் படித்து, ஒரு விளைவைப் பல காரணங்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்னும் மிகைநிர்ணயத்தை மேடைதோறும் முழங்கிய தலைமுறையின் வாரிசுகள், அடித்தளம் ஆடினால் மேற்கட்டுமானம் சரியும் என்ற பழைய சமன்பாட்டைக் கைபேசிக்கு மாற்றி எழுதியிருப்பதுதான் வேதனை. அன்று எல்லாவற்றுக்கும் உற்பத்தி உறவு. பிறகு எல்லாவற்றுக்கும் பிரதி. இப்போது எல்லாவற்றுக்கும் திரை. ஆட்கள் மாறுகிறார்கள், ஒற்றைக் காரணத்தின் மீதுள்ள பக்தி மாறவில்லை. விமர்சனம், பதிப்பு, பாடநூல், இயக்கம் என எதைப் பற்றிய இரங்கலுரையிலும் இதே பூசைதான்.

ஆல்வாரெஸ் தரப்பு பதினோரு ஆண்டுகள் பள்ளத்துக்காகக் காத்திருந்தது. அது கிடைக்காவிட்டால் தோற்றுப்போகவும் இடம் வைத்திருந்தது. தமிழில் மரண அறிவிப்பு எழுதுகிறவர்கள் எதையும் பணயம் வைப்பதில்லை. எந்தச் சான்று வந்தால் தம் கூற்று பொய்யாகும் என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. எது எந்த ஆண்டில் மறைந்தது, அதற்கு முன்பே மறைந்தவை எவை, பிழைத்தவை ஏன் பிழைத்தன ஆகிய மூன்றுக்கும் விடை சொல்லாத அழிவுக் கட்டுரை எதுவும் இனி நம் பக்கங்களில் இடம்பெறாது.