பட்டியலில் ஒரு சாதிப் பெயர்

கொல்லிமலை செம்மேட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுக்குத் தயாராகும் பெண் ஒருத்தி தன் ஆங்கிலச் சொல் நோட்டை என்னிடம் நீட்டினாள். "அண்ணா, நடுவுல நடுவுல கேளுங்க." கேட்டேன். 'பரையா' வந்ததும் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை: "ஒதுக்கி வைக்கப்பட்டவர்."

சரியான விடைதான். எனக்குத்தான் அடுத்த சொல்லுக்குப் போக முடியவில்லை.

"இது எந்த மொழிச் சொல்லும்மா?"

"லத்தீனா இருக்கும்ணா."

லத்தீன் இல்லை, தமிழ். பறையர் என்ற சாதிப் பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, பறை அடிப்பவர் என்பதே இதன் மூலப்பொருள் என்கிறது. ஆங்கிலத்தில் பறை காணாமல் போயிற்று. ஒதுக்கியவன் சொன்ன தீர்ப்பு மட்டும் பொருளாகத் தங்கிவிட்டது. உலகச் செய்திகளில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாட்டுக்கு இதுதான் அடைமொழி. தெருநாய்க்கும் இதே பெயர், பருந்துக்கும்.

"சொல்லுன்னா மாறத்தான் செய்யும், பரீட்சைக்கு வரலாறு எதுக்கு?" என்பார்கள். சரி, அப்படியென்றால் இதே வழிகாட்டிப் புத்தகங்கள் 'பெனே', 'மால்' என்று லத்தீன் வேர்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குவது எதற்கு? வேர் தெரிந்தால் மனசில் நிற்கும் என்று அவர்களேதானே சொல்கிறார்கள்! ரோமாபுரி வேர் என்றால் பாடம், நம் ஊர்த் தெருவில் இருக்கிற வேர் என்றால் நேர விரயமா?

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலைப் பாருங்கள். கட்டுமரம் இருக்கும், சுருட்டு இருக்கும், மிளகுத்தண்ணீர் தவறாமல் இருக்கும். இந்தச் சொல்லை அதில் நான் பார்த்ததே இல்லை. பெருமைக்கு உதவாததை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை போல.

இத்தனைக்கும் பெருமைப்பட வேண்டிய இடத்திலேயே கணக்கு இடிக்கும். இந்த மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறிக் கிடக்கிறது. 'பெப்பர்' நம்முடையது இல்லை. திப்பிலியைக் குறித்த 'பிப்பலி' என்ற வடசொல் கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் வேறொரு கொடியின் காய்க்குப் பெயரானது. மிளகுக்குச் சங்கப் பாடல்கள் தரும் பெயர் கறி. 'ஜாக்' மலையாளச் 'சக்க', போர்ச்சுக்கீசியர் கொண்டுபோனது. நம்ம பலா கப்பலே ஏறவில்லை. இதைச் சொன்னால் தமிழ்த் துரோகி என்பார்கள், சொல்லட்டும். மார்தட்டிக்கொள்ள வேண்டியபோது மட்டும் வேர் தேடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பரீட்சைல வந்தா என்னண்ணா பண்றது?"

"நீ சொன்னதையேதான் டிக் பண்ணணும்."

"அதைத்தான் பண்ணணுமா?"

நாமக்கல் பஸ் வந்துவிட்டது. ஏறும் முன் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் 'பறை' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.