ரத்தம் பார்த்துக் கொடுக்கும் சக்தி

"ஸ்டார் வார்ஸ் ஏகாதிபத்திய எதிர்ப்புப் படம், அதையும் விடமாட்டீர்களா?" என்று கேட்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். வியட்நாமில் குண்டு போட்ட அமெரிக்காவை மனதில் வைத்தே பேரரசை உருவாக்கியதாக ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். அதில் எனக்குச் சண்டை இல்லை. பேரரசு வீழட்டும். வீழ்த்தும் தகுதி யாருக்கு, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

1977-இல் வந்த முதல் படத்தில் ஃபோர்ஸ் என்பது எல்லா உயிர்களையும் இணைக்கிற ஆற்றல். 1980 படத்தில் யோடா அது மரத்திலும் கல்லிலும்கூட இருப்பதாகச் சொல்கிறார். அதாவது பொதுச்சொத்து. 1999-இல் 'தி ஃபேண்டம் மெனஸ்' அந்தப் பொதுச்சொத்துக்குப் பட்டா போட்டுவிட்டது. அடிமைச் சிறுவன் அனகினின் ரத்தத்தை எடுத்து மிடி-குளோரியன் எண்ணிக்கை பார்க்கிறார்கள். 20,000-க்கும் மேல்! யோடாவுக்கே அவ்வளவு இல்லையாம். பயிற்சி, உழைப்பு எல்லாம் அப்புறம், முதலில் ரத்தம்.

2017-இல் 'தி லாஸ்ட் ஜெடாய்' இதை உடைக்கப் பார்த்தது. நாயகி ரேயின் பெற்றோர் யாருமில்லை, குடிக்கக் காசுக்காக மகளை விற்ற பழைய இரும்பு வியாபாரிகள் என்றது. எந்த வம்சமும் இல்லாத ஒரு பெண்ணின் கையில் ஒளிவாள். ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது. இரண்டே வருடத்தில், 2019 படத்தில், ரே பேரரசர் பால்பட்டீனின் பேத்தி ஆக்கப்பட்டாள். கடைசிக் காட்சியில் ஸ்கைவாக்கர் என்ற பெயரையும் சூட்டிக்கொள்கிறாள். கெட்ட வம்சத்திலிருந்து நல்ல வம்சத்துக்கு மாற்றம், அவ்வளவுதான். வம்சமே இல்லாமல் ஒருத்தி இருந்துவிட மட்டும் அனுமதி இல்லை.

அனகினின் அம்மா ஷ்மியைப் பாருங்கள். மகனை பந்தயத்தில் ஜெயித்து மீட்ட ஜெடாய்கள் அவளை அடிமையாகவே விட்டுவிட்டுப் போகிறார்கள். தலைநகரில் அவர்களுக்குப் பெரிய ஆலயமே இருக்கிறது. பத்து வருடத்தில் ஒருவருக்கும் திரும்பி வந்து அவளை மீட்கத் தோன்றவில்லை. விலை கொடுத்து விடுவித்தவர் ஒரு சாதாரண விவசாயி. நீதியின் காவலர்களாம்!

டிராய்டுகள் கதை இதைவிட மோசம். முதல் படத்தின் மதுக்கடையில் டிராய்டுகளுக்கு உள்ளே இடமில்லை என்று கடைக்காரர் விரட்டுகிறார். நம் நாயகன் லூக் மறுபேச்சு பேசாமல் அவர்களை வெளியே நிற்கச் சொல்கிறான். வாசலுக்கு வெளியே நிற்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அது மெஷின்தானே தோழர்" என்பீர்கள். அந்த மெஷினுக்குப் பயம், நட்பு, விசுவாசம் எல்லாம் கொடுத்து நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தது யார்? டிக்கெட் விற்கும்போது உயிர், சந்தையில் விற்கும்போது பொருளா? 2005 படத்தில் சி-3பிஓவின் நினைவை ஒரே உத்தரவில் அழிக்கிறார்கள். அது ஒரு வேடிக்கைக் காட்சி.

2018-இல் வந்த 'சோலோ' படத்தில் எல்3-37 என்ற பெண் டிராய்டு சமஉரிமை கேட்கிறாள். சுரங்கத்தில் சக டிராய்டுகளின் கட்டுகளை அவிழ்த்துக் கலகம் மூட்டுகிறாள். படம் அவளை எப்படி நடத்துகிறது? அவள் பேசும்போதெல்லாம் சிரிக்கச் சொல்கிறது. பிறகு சுட்டு வீழ்த்தப்படுகிறாள். அவளுடைய மூளையை எடுத்து மில்லேனியம் ஃபால்கன் கப்பலின் கணினியில் சேர்த்துவிடுகிறார்கள். உரிமை கேட்டவள் காலத்துக்கும் யாரோ ஓட்டுகிற கப்பலுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தியாகம் என்று கொண்டாடும் ரசிகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவளிடம் சம்மதம் கேட்டார்களா?

இந்த உலகத்தில் வேறு மாதிரி கதை சொல்லவே முடியாது என்பதும் பொய். 2022-இல் தொடங்கிய 'ஆண்டோர்' தொடரில் ஜெடாய் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை. நார்கினா 5 சிறையில் வெறுங்காலோடு மின்சாரத் தரையில் நின்று உதிரிபாகம் செய்யும் கைதிகள், தண்டனை முடிந்தாலும் யாரையும் விடுவதில்லை என்று தெரிந்ததும் சிறையை உடைக்கிறார்கள். யாருடைய ரத்தத்தையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வாசிப்பு வட்டத்தில் திரையிட நினைப்பவர்கள் முதல் பருவத்தின் 8 முதல் 10 வரையான பகுதிகளைப் போடுங்கள், ஒரு மாலைக்குச் சரியாக இருக்கும்.

பார்க்கும்போது மார்வாவின் வீட்டிலிருக்கும் அந்தக் கிழட்டு டிராய்டையும் கவனியுங்கள். குடும்பத்தில் ஒருவர் மாதிரிதான் நடத்துகிறார்கள். வீட்டுவேலை செய்யும் எந்த அக்காவிடமும் கேளுங்கள், இந்த 'மாதிரி'யைப் பற்றி நிறையச் சொல்வார்.