உத்தமர்கள் இல்லாத சபை



சட்டசபை பற்றி நாம் எதை எழுதினாலும் பின்னாலேயே சில கடிதங்கள் வந்துவிடும். நல்லவர்கள் அங்கே போவதில்லை, போகிறவர்கள் நல்லவர்களாக இருப்பதில்லை, பிறகு மனுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்ளும் கடிதங்கள். அந்த அலுப்பு நியாயமானதுதான். இருந்தாலும் உத்தமர்கள் அதிகம் இல்லாத ஒரு சபையின் கதையை இந்த மாதம் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இடம் அடிலெய்டு. ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணையாத காலம். தெற்கு ஆஸ்திரேலியா அப்போது பிரிட்டனின் கீழ் இருந்த தனிக் குடியேற்றம். அதற்கென்று கீழவை, மேலவை என இரண்டு அவைகள். 1887 முதல் உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம் தரத் தொடங்கினார்கள். அதுவரை பண்ணை முதலாளிகளும் வக்கீல்களும் வியாபாரிகளும் நிறைந்திருந்த அவைகளுக்கு, அதன்பின் கைத்தொழில் செய்து பிழைத்தவர்களும் வர முடிந்தது. 1892-இல் கீழவைக்குத் தேர்வான முதல் தொழிற்கட்சி உறுப்பினர் ஜான் மெக்பெர்சன், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்.

1893-இல் அங்கே முதல்வரானவர் சார்லஸ் கிங்ஸ்டன். மூளைக்காரர், அதைவிடப் பெரிய கோபக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு, மேலவை உறுப்பினர் ரிச்சர்ட் பேக்கரோடு வாய்த்தகராறு முற்றியபோது, அவருக்கு ஒரு துப்பாக்கியை அனுப்பி, நகரின் நடுவில் இருக்கும் விக்டோரியா சதுக்கத்துக்குச் சண்டைக்கு வரச்சொன்னார். பேக்கர் போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டார். சதுக்கத்தில் காத்திருந்த கிங்ஸ்டன் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பிடிபட்டார். ஓராண்டுக்கு அமைதி காக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவரிடம் உறுதி வாங்கியது. அந்த ஓராண்டு முடிவதற்குள் அவர் முதல்வர். பேக்கர் மேலவைத் தலைவர்!

பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக் கூடாது என்பதுதான் தொடக்கத்தில் கிங்ஸ்டனின் கட்சி. மருத்துவரான எட்வர்ட் ஸ்டெர்லிங் 1885-இலேயே பெண்களின் வாக்குரிமைக்காகத் தீர்மானமும், மறு ஆண்டு மசோதாவும் கொண்டுவந்தார். அந்த மசோதாவும் பின்னால் வந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அரசியலமைப்பைத் திருத்த அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அந்த எண்ணிக்கைதான் எட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எப்படி மாறியது? அயர்லாந்தில் பிறந்து, ஐம்பது வயதுக்கு மேல் அடிலெய்டுக்கு வந்தவர் மேரி லீ. 1888-இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் உயிர்நாடி அவர்தான். மதுவிலக்குச் சங்கப் பெண்களும் தொழிற்சங்கத்தாரும் கூடச் சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். சேர்ந்தவை சுமார் 11,600. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டியபோது மனுவின் நீளம் 400 அடி. 1894 ஆகஸ்டில், முதிய உறுப்பினர் ஜார்ஜ் ஹாக்கர் அதைக் கீழவையில் வைத்தார். பெண்களே இதைக் கேட்கவில்லையே என்ற வாதம் அதற்குப் பிறகு எடுபடவில்லை. கட்சிக்கணக்கும் சக அமைச்சர்களின் வற்புறுத்தலும் கிங்ஸ்டனை ஏற்கெனவே பக்கம் மாற்றியிருந்தன.

இனி எபனேசர் வார்ட். நம் இனம், பத்திரிகைக்காரர். அந்த ஆண்டு வந்த வாக்குரிமை மசோதாவுக்கு மேலவையில் கடும் எதிரி. பெண்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராக முடியாது என்றது மசோதா. அந்தத் தடையை எடுத்துவிடுங்கள் என்று வார்ட் கிளம்பினார். பெண்கள் நாற்காலியில் உட்காருவதா என்று மற்றவர்கள் மிரண்டு மசோதாவையே கவிழ்த்துவிடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. யாரும் மிரளவில்லை. மேலவையைத் தாண்டிய மசோதா 1894 டிசம்பர் 18 அன்று கீழவையில் 31க்கு 14 என்று நிறைவேறியது. ஓராண்டு முன்பே பெண்களுக்கு வாக்குரிமை அளித்த நியூசிலாந்துகூட, தேர்தலில் நிற்கும் உரிமையை 1919 வரை தரவில்லை. அந்த உரிமையைத் தெற்கு ஆஸ்திரேலியப் பெண்கள் பெற்றது தங்கள் எதிரியின் தந்திரத்தால்.

வார்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? வேண்டாம். நன்றி கையெழுத்து வாங்கியவர்களுக்கே. ஆறாண்டு உழைப்பால் அவர்கள் மசோதாவை வெற்றியின் வாசல்வரை கொண்டுவந்திருக்காவிட்டால், கவிழ்க்க ஒரு மசோதாவே இருந்திருக்காது. கோபக்காரர், கணக்குப் பார்ப்பவர், சூழ்ச்சிக்காரர் என்று எல்லாரும் இருந்த சபையிடம்தான் அவர்கள் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள்.

சாதித்தபின் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாடாளுமன்றத்துக்குள் முதல் பெண் உறுப்பினர்கள் நுழைந்தது 1959-இல்: ஜெஸ்ஸி கூப்பர், ஜாய்ஸ் ஸ்டீல். இடையில் 65 ஆண்டுகள். அப்போதுகூட, மேலவையில் அமரப் பெண்களுக்குத் தகுதி உண்டா என்று வழக்குப் போட்டார்கள். பழங்குடிப் பெண்களின் கதை வேறு. 1896 தேர்தலில் பாயிண்ட் மக்லே குடியிருப்பின் பழங்குடிப் பெண்களும் வாக்களித்தார்கள். ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தபின், 1902-இல் நாடு முழுவதற்குமான வாக்குரிமைச் சட்டம் வந்தது. வெள்ளைப் பெண்களுக்கு உரிமை தந்த அதே சட்டம், பழங்குடியினர் புதிதாகப் பெயர் சேர்ப்பதைத் தடுத்தது. அந்தக் கதவு திறக்க 1962 ஆனது.

ஆகவே, சட்டம் வந்ததும் மனுக்கட்டை மூட்டைகட்டி வைக்க முடியாது. உங்கள் ஊரில் ஒரு சாலைக்கோ, பள்ளிக்கோ, பட்டாவுக்கோ விடாமல் மனுவோடு அலைந்து வென்றவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். வென்றபின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்