வண்டியைக் கொஞ்சம் குடு, பழகிக்கிறேன்!

‘‘ஒரு பத்து நாளைக்கு உன் வண்டியில பழகிக்கிறேன் மாப்ளே!’’

இப்படி ஒரு நண்பர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘பெட்ரோல் இல்லை’, ‘சர்வீஸுக்கு விடணும்’, ‘மச்சினன் கேட்டிருக்கான்’ - இந்த மூன்றில் ஒன்றைத்தானே? நான் மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். சாவி வண்டியிலேயே தொங்கியது என் கெட்ட நேரம். நண்பர் டாங்க் மூடியைத் திறந்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு, ‘‘முக்கால் டாங்க் இருக்கே?’’ என்றார்.

நண்பரின் பெயர் வேண்டாம். சின்னமனூர் பக்கத்து ஆசாமி. திராட்சைக் கமிஷன் கடையில் கணக்குப் பிள்ளை. வயது நாற்பத்தாறு. இதுவரை சைக்கிளைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டிலேயே ஒரு வண்டி இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிய பல்ஸர். போர்வை போர்த்திக்கொண்டு திண்ணையில் நிற்கிறது.

‘‘அதுல பழக வேண்டியதுதானே?’’

‘‘கீறல் விழுந்தா பையன் சத்தம் போடுவான்ப்பா!’’

என் ஸ்ப்ளெண்டரில் கீறல் விழுந்தால் சத்தம் போட ஆள் கிடையாது என்று யார் சொன்னார்கள் இவருக்கு? வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கம்பம் மெட்டு ஏறியிருக்கிறது. போடி மெட்டின் பதினேழு வளைவுகளையும் இறங்கியிருக்கிறது. என் மனைவிகூட, ‘‘என்னையும் இப்படி வாரா வாரம் துடைச்சுப் பாத்திருந்தா நான் எப்படியோ இருந்திருப்பேன்’’ என்பாள்.

மறுத்துவிட இருந்தேன். அப்போதுதான் அவர் அந்த ராத்திரிக் கதையைச் சொன்னார்.

அவர் மனைவிக்கு ஆஸ்துமா. போன மாசி மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு இழுப்பு வந்திருக்கிறது. இன்ஹேலரை அமுக்கினால் வெறும் காற்று. ‘108-க்கெல்லாம் போட வேண்டாம், மருந்து வாங்கிட்டு வந்தாப் போதும்’ என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கடைசி பஸ் போய்விட்டது. மருந்துக் கடைக்கு நாலு கிலோமீட்டர். மனிதர் நடந்தே போய், ஷட்டரைத் தட்டி ஆளை எழுப்பி வாங்கிக்கொண்டு, நடந்தே திரும்பியிருக்கிறார். ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் அந்த அம்மா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். உட்கார்ந்த இடம் திண்ணை. பக்கத்திலேயே பல்ஸர்.

‘‘ஏன்யா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?’’

‘‘பதினோரு மணிக்கு எப்படிப்பா ஒருத்தன எழுப்புறது?’’

இதற்கப்புறம் மச்சினன் பேச்சை எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். முதலில் எல்.எல்.ஆர்!

நண்பருக்குச் சுருக்கென்றது. ‘‘நம்ம ஊர்ல எவன் மாப்ளே எல்.எல்.ஆர். எடுத்துட்டுப் பழகுறான்?’’

வாஸ்தவம்தான். ஆனாலும் லைசென்ஸ் இல்லாதவரிடம் நம் வண்டியைக் கொடுத்தால் மாட்டுவது அவர் மட்டுமல்ல, நாமும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-வது பிரிவு வண்டிக்காரனுக்கென்றே எழுதப்பட்டது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தை ஆயிரத்திலிருந்து 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். மூன்று மாதம் வரை உள்ளே இருக்கவும் வசதி உண்டு. ஓட்டியவருக்குத் தனியாக இன்னொரு 5,000.

அதையாவது கட்டிவிடலாம். ரோட்டில் போகிற ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டால்? ‘இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்று நினைக்காதீர்கள். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், அந்தப் பணத்தை உங்களிடம் திரும்ப வசூல் பண்ணிக்கொள்ளலாம். எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான் என்று அதே தீர்ப்பு சொல்லியிருப்பது, என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

நாற்பது தாண்டியவர் என்பதால் டாக்டர் சர்டிபிகேட் வேறு. ஒரு வழியாக எல்.எல்.ஆர். வந்தது. வெள்ளை அட்டையில் சிவப்பாக ‘எல்’ எழுதி முன்னாலும் பின்னாலும் கட்டினேன். தெருப் பையன்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

நேரம் பார்த்து ஆனி மாதம் ஆரம்பித்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேளுங்கள். மேற்கு மலையிலிருந்து இறங்கி, காயப்போட்ட வேட்டியைத் தேனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கற்றுக்குட்டி ஓட்டும் வண்டி எந்த மூலைக்கு?

பழகுபவரோடு லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ தோதான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி. காருக்குச் சரி. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவன் எதைக் கட்டுப்படுத்துவது? கிளட்ச் எட்டாது, பிரேக் எட்டாது. தன் வாயை வேண்டுமானால் கட்டுப்படுத்தலாம். நான் அதையும் செய்யவில்லை. ‘‘விடு! பிடி! விடாதே! பிடிக்காதே!’’ என்று காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது நாள். வாய்க்கால் கரைப் பாதை. ஒரு சின்ன இறக்கம். குறுக்கே ஒரு ஆடு.

இங்கேதான் சைக்கிள்காரர்களின் கஷ்டம் புரிந்தது. சைக்கிளில் இரண்டு கையிலும் பிரேக். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? இடது கையை இறுக்கினார். அது கிளட்ச்! இஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி இறக்கத்தில் தானாக உருண்டது. பயத்தில் உடம்பு பின்னால் சாய, வலது மணிக்கட்டும் கூடவே திரும்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கியது. இஞ்சின் ஊளையிட்டது. நான் வழக்கம்போல, ‘‘விடு!’’ என்று கத்தினேன்.

விட்டார். இடது கையை.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதில் அரை சென்ட் அன்று எங்கள் பங்கு. நடவுக்குத் தயாராக இருந்த தொளியில் வண்டி, நண்பர், நான் என்ற வரிசையில் இறங்கினோம். ஆடு கரையில் நின்று பார்த்தது.

நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி நிமிர்ந்து, ‘‘ஏப்பா, உழுதாச்சு, பரம்படிச்சாச்சு. இனிமே எதுக்கு வந்தீக?’’ என்றாள்.

யாருக்கும் அடியில்லை, சேற்றுக்கு நன்றி. கிளட்ச் லீவர் போச்சு, இண்டிகேட்டர் போச்சு, ஃபுட்ரெஸ்ட் வளைந்துவிட்டது. நண்பர் சேறு சொட்டும் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். ‘‘அட, வை மாப்ளே’’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் பில் 1,140. ராத்திரியெல்லாம் பெருந்தன்மை குத்திக்கொண்டே இருந்தது.

நாலாவது நாள் அவர் வரவில்லை. ஐந்தாவது நாளும் வரவில்லை. வெட்கம். நானே போய்க் கூப்பிட்டேன். திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ‘‘வேணாம்னே, உங்க வண்டி பாவம்’’ என்றார். சொல்லும்போதே லேசாக இழுத்தது.

அப்புறம் பாடத்தை மாற்றினேன். தெருவில் இல்லை, நெல்லடிக்கும் களத்தில். முதல் இரண்டு நாள் இஞ்சினே கிடையாது. நான் தள்ள, அவர் பிரேக் மட்டும் பிடித்துப் பழகினார். எது நடந்தாலும் முதலில் ஆக்ஸிலேட்டரை விடு, அப்புறம் கிளட்ச்சைப் பிடி, வலது காலால் பிரேக்கை அமுக்கு - வேறு உபதேசம் இல்லை. பிறகு கோலமாவில் எட்டு போட்டுக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். நான் பேசாத அன்றைக்குத்தான் அவர் விழாமல் ஓட்டினார். அதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். பத்து வருஷத்துக்கு அவளுக்கு இது போதும்.

லைசென்ஸ் வந்தது. போர்வை விலகியது. இப்போது பல்ஸர் அவர் கையில். ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி மறுபடி இழுப்பு வந்ததாம். இருபது நிமிஷத்தில் மருந்தோடு திரும்பிவிட்டாராம். ‘‘உனக்குப் போன் போட நெனச்சேன். அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்’’ என்றார்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மகன் வந்திருந்தான். நானும் போயிருந்தேன். பையன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன், டாங்க் பக்கத்தில் குனிந்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்!

‘‘யாருப்பா இது?’’

நண்பர் நிதானமாக என்னைக் காட்டினார். ‘‘மாமா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்னு கேட்டாருடா. எப்படி மாட்டேங்கறது?’’

உள்ளேயிருந்து அந்த அம்மா எனக்குக் காபி கொண்டு வந்தார். மூச்சு சீராக இருந்தது.

‘‘ஆமா தம்பி, கொஞ்சம் பேலன்ஸ் போயிருச்சு’’ என்றேன்.